பூலம்மாள் கை நிறுத்திய இடம்

உங்கள் இயன்முறை மருத்துவப் படிப்பின் புதிய பாடப்புத்தகம் ஒன்றைப் போன வாரம் ஒரு தம்பி கொண்டுவந்து காட்டினார். மூட்டை அசைக்கும் முறைகளைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் எண் கொடுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு அம்புக்குறி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. நான் வேலைக்கு வந்தபோது இந்தத் தொழிலுக்குச் சங்கரன்கோவிலில் பெயரே கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் நகர்ந்துவிடுவேன். ஊர் எனக்கு வைத்திருந்த பெயர் ‘தடவுகிற மிலிட்டரிக்காரர்’.

புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் வராத ஒன்றை உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியது. அந்தத் தவற்றைத் திருத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல. கரிவலம்வந்தநல்லூரில் நாற்று நடுகிற இரண்டு பெண்கள்.

முதலில் ஒன்றைச் செய்து பாருங்கள். உங்கள் ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். அதை மடக்கலாம், நிமிர்த்தலாம், பக்கவாட்டில் ஆட்டலாம். இப்போது இன்னொரு கையால் அந்த விரலின் அடிக்கணுவைப் பிடித்து, லேசாக வெளியே இழுத்து, மேலும் கீழும் நகர்த்துங்கள். நகர்கிறது, இல்லையா? இந்த அசைவை அந்த விரல் எவ்வளவு முயன்றாலும் தானாகச் செய்துகொள்ள முடியாது. ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் இப்படி ஒரு சிறு நகர்வு உண்டு. அளவில் ஒரு நெல்மணி அகலம்கூட இருக்காது. அது உறைந்துபோனால் பெரிய அசைவும் நின்றுவிடும். மணிக்கட்டு என்றால் இன்னும் சிரமம். ஒரு கை முன்கையைப் பிடித்து நிறுத்த வேண்டும், இன்னொரு கை உள்ளங்கையை நகர்த்த வேண்டும். மணிக்கட்டு கெட்டுப்போனவனிடம் மிச்சமிருப்பது ஒரே கை. ஆகவே கட்டாயம் இன்னொரு மனிதர் வேண்டும்.

யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே கற்றதில் பாதி நல்லது, பாதி கெட்டது. கெட்டது என்னவென்றால், சிப்பாய் கத்தமாட்டான். கத்தினால் பக்கத்துக் கட்டில்காரன் சிரிப்பான். அதனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாங்கள் சரியாகக் கற்கவே இல்லை. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி, டாக்டர் ஒருவரின் மருத்துவமனையில் பின்கட்டு அறையில் ஒரு பெஞ்சும் ஒரு வெந்நீர்த் தொட்டியுமாக உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஐப்பசி மாதத் தொடக்கம். ஆவுடைத்தாய் என்ற பெண்ணை அவள் கணவர் மாடசாமி அழைத்து வந்தார். கூடவே மாடசாமியின் தங்கை பூலம்மாளும் வந்திருந்தாள். ஆவுடைத்தாய்க்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஆடியில் வரப்பில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தோய்த்த துணியைச் சுற்றி, அருமையாகக் கட்டியிருந்தார். எலும்பு நேராகவே கூடியிருந்தது. நாற்பது நாளில் அவிழ்த்துவிடச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அவிழ்த்தால் மறுபடி உடைந்துவிடுமோ என்று பயந்து, இவர்களாகவே மூன்று மாதம் கட்டோடு வைத்துக்கொண்டார்கள். விளைவு, கை பலகை மாதிரி ஆகிவிட்டது. மணிக்கட்டு கீழே மடங்கவில்லை. கட்டைவிரல் விரிந்து கொடுக்கவில்லை.

“நடுகைக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு அண்ணாச்சி. அதுக்குள்ள மடங்கிருமா?” என்று ஆவுடைத்தாய் கேட்டாள்.

நாற்று நடுவதற்குக் கட்டைவிரல்தான் எல்லாம். இடது கையில் கட்டாகக் கட்டிய நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நாலு நாற்றைப் பிரித்து, மணிக்கட்டை மடக்கிக் கட்டைவிரலால் சேற்றில் ஊன்ற வேண்டும். அவளோ வெறும் நடுகைக்காரி இல்லை, கொத்துக்காரி. முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்குகிறவள். முதல் முடி அவள் கையில்தான் கொடுக்கப்படும், முதல் நாற்றை அவள்தான் ஊன்றுவாள், முதல் குலவையை அவள்தான் எடுப்பாள். முதல் நாற்றை ஊன்ற முடியாதவளுக்குக் கொத்து கிடையாது. ஒரு நடுகை கைமாறிவிட்டால் மாறினதுதான், அடுத்த வருடம் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இதையெல்லாம் மாடசாமி எனக்கு விளக்கிச் சொன்னார். ஆவுடைத்தாய் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மடக்கிருவோம்” என்றேன். மிலிட்டரிக்காரன் இல்லையா!

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். வந்தவள் பெண்; கணவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்; நானோ கல்யாணமாகாதவன். அவள் கையை வெறுங்கையால் பிடிக்க எனக்குக் கூச்சம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகவே ஒரு துண்டை எடுத்து, நாலாக மடித்து, அவள் மணிக்கட்டின் மேல் போட்டு, அதன் மேலாகத்தான் பிடித்தேன். பெரிய மரியாதை செய்கிறோம் என்று மனசுக்குள் ஒரு நிறைவு வேறு. நெல்மணி அகலம்கூட இல்லாத அசைவை நாலு மடிப்புத் துண்டுக்கு மேலிருந்து தேடினேன் என்றால் என் புத்தியை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ்ஸில் வந்தார்கள். மூன்றாவது தடவை கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். துணிக்கு அடியில் மூட்டு போதும் என்று சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மடங்குகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸிலேயே மூவரும் வந்து இறங்கினார்கள். ஆவுடைத்தாயின் கை புறங்கை வரை வீங்கி, வளையல் சதையில் புதைந்திருந்தது.

“என்ன வே, கைய மடக்கித் தாரேன்னுதான சொன்னீரு? இப்பம் சோத்தப் பெசையக்கூட ஒதவாம ஆக்கிட்டீரே!” என்று மாடசாமி வாசலில் நின்றே சத்தம் போட்டார். “இனி நீரு அவ கையத் தொடப்புடாது, சொல்லிட்டேன்.”

டாக்டர் அன்று தென்காசி போயிருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை. ‘சில பேருக்கு முதலில் இப்படித்தான் வீங்கும், போகப் போகச் சரியாகும்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வார்த்தை தயாராக இருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். ஆவுடைத்தாய் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் சொல்வதை அப்படியே நம்பிக்கொள்கிற பார்வை. நம்புகிறவர்களிடம் பொய் சொல்லுவது எனக்கு அன்றைக்கு முடியாமல் போனது. அதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றியுடையவனாக இருக்கிறேன்.

“இது என்னால வந்த வீக்கம். நான் அளவுக்கு மேல அமுக்கிட்டேன்” என்றேன்.

மாடசாமி இன்னும் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வீக்கத்துக்கு ஈரத்துணி சுற்றி, மூன்று நாள் கையைத் தொடவே கூடாது என்று சொன்னேன். பிறகு தினமும், மிக லேசாக, அந்த உள் அசைவை மட்டும் கொடுக்க வேண்டும். என் கை கூடாது என்றால் வீட்டில் யாராவது கற்றுக்கொள்ளட்டும் என்றேன். மாடசாமியைக் கூப்பிட்டு அவள் நல்ல கையைக் கொடுத்துப் பழகச் சொன்னேன். ஏர் பிடித்துக் காய்த்த கை. அவர் மெல்லப் பிடிக்கும்போதே அவள் “அய்யோ” என்றாள்.

“நான் பிடிச்சுப் பாக்கட்டுமா?” என்று கதவோரம் நின்ற பூலம்மாள் கேட்டாள். அதுவரை அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

என் சொந்த மணிக்கட்டைத்தான் நீட்டினேன். இங்கே நிறுத்து, இங்கே நகர்த்து என்று ஒரே ஒரு முறை காட்டினேன். அவள் பிடித்த விதத்தில் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தேடவே இல்லை, விரல் நேராகப் போய் இடத்தில் உட்கார்ந்தது. மூட்டு நகர்ந்து, இனி முடியாது என்கிற இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுகொண்டாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“நாத்துப் பறிக்கையில வேரு வருமா அறுமான்னு கைக்குத் தெரியும்லா? அந்த மாதிரிதான்” என்றாள்.

அவர்கள் போனபின் நிம்மதியாகத்தான் இருந்தேன். அந்த நிம்மதியை எங்கள் கம்பவுண்டர் கெடுத்தார். அவருக்கும் கரிவலம்வந்தநல்லூர்தான் சொந்த ஊர்.

“நாத்தனா கையிலயா குடுத்து அனுப்புனீரு? ஏன் வே, ஒமக்கு வேற ஆளு கெடைக்கலயா?” என்றார்.

விஷயம் இதுதான். ஆவுடைத்தாய் கையைக் கட்டிக்கொண்டு கிடந்த மூன்று மாதமும் அவளுக்குப் பதிலாகக் களையெடுப்புக்கு ஆள் கூட்டிப் போனது பூலம்மாள். இந்த நடுகைக்கு மதினியால் இறங்க முடியவில்லை என்றால், கொத்து பூலம்மாளுக்குத்தான் என்று பண்ணையில் பேசி முடித்தாகிவிட்டதாம். அதாவது, அந்தக் கை மடங்காமல் இருந்தால் லாபம் யாருக்கோ, அவளிடமே கையை ஒப்படைத்திருக்கிறேன்.

தம்பிகளே, தங்கைகளே, சந்தேகம் வந்துவிட்டால் மனுஷன் எதையும் அதன் வழியாகத்தான் பார்ப்பான். அவள் கதவோரம் ஒதுங்கி நின்றது, தானாக முன்வந்தது, ஒரே தடவையில் கற்றுக்கொண்டது எல்லாமே எனக்கு இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

நடுகைக்கு நாலு நாள் இருக்கும்போது மறுபடி வந்தார்கள். வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது. கை முன்னைவிடக் கொஞ்சம் மடங்கியது, ஆனால் நடுகைக்குப் போதாது. தினமும் செய்கிறீர்களா என்று கேட்டேன்.

“ரெண்டு நாளா நிறுத்தி வச்சிருக்கேன் அண்ணாச்சி” என்றாள் பூலம்மாள்.

“யாரக் கேட்டு நிறுத்துன?”

“யாரையும் கேக்கல. உள்ள போவ மாட்டேங்கு. முந்தி போன தூரம்கூட இப்பம் போவல. கை வேண்டாம்னு சொல்லுது.”

“கை சொல்லுதா, நீ சொல்லுதியா?” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. “கை மடங்காட்டா யாருக்குக் கொத்துன்னு எனக்கும் தெரியும் தாயி” என்று சேர்த்துச் சொன்னேன்.

 மாடசாமி தங்கையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அந்த வீட்டில் மூன்று மாதமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை நான் சந்தையில் போட்டு உடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பூலம்மாள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. என் கையை எடுத்தாள். கூச்சமே இல்லாமல், வெறுங்கையால் எடுத்தாள். முன்கையை நிறுத்தி, உள்ளங்கையை நகர்த்தி, முட்டுகிற இடம் வரை கொண்டுபோனாள். “இங்கன நிக்குதுல்லா? இது ஒங்க கை. மதினி கையி மூணு நாளைக்கு முந்தி இதுல பாதி தூரம் போச்சு. இப்பம் தொட்ட ஒடனே இறுகுது, உள்ள சூடு வேற இருக்கு. நான் பொய் சொல்லுதேன்னா நீங்களே பாருங்க.”

“அவருதான் தொடப்புடாதுல்லா” என்று முணுமுணுத்தார் மாடசாமி.

ஆவுடைத்தாய் கையை என் முன்னால் பெஞ்சில் வைத்தாள். “தொட்டுப் பாருங்க அண்ணாச்சி” என்றாள். பழக்கத்தில் என் கை துண்டைத் தேடிப் போயிற்று.

“அது எதுக்கு? கட்டுப் போட்ட வைத்தியரு துண்டு போட்டா கட்டுனாரு? ஒங்கள யாரு போடச் சொன்னா?” என்றாள் ஆவுடைத்தாய்.

எனக்கு முகம் எரிந்தது. மூன்று தடவை துணிக்கு மேல் தடவி, கையை வீங்க வைத்து, அத்தனையும் அவள் கேட்காத ஒரு மரியாதைக்காக. துண்டை வைத்துவிட்டு முதல் முறையாக அவள் மணிக்கட்டை என் விரலால் பிடித்தேன்.

பூலம்மாள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. மூட்டுக்குள் மிச்சமிருந்த வெதுவெதுப்பு, தொட்டதும் தசை வந்து காவல் நிற்பது, நகர்வு பாதியிலேயே மறிப்பது எல்லாம் விரலுக்கு அப்படியே தெரிந்தது. என் பழைய அழுத்தத்தின் புண் உள்ளே இன்னும் ஆறவில்லை. நான் சொன்ன மூன்று நாள் ஓய்வே போதாமல் இருந்திருக்கிறது. அவள் மட்டும் என் பேச்சைக் கேட்டுத் தினமும் அசைத்திருந்தால் அந்தக் கை நிரந்தரமாகவே போயிருக்கும். கொத்து தனக்கு வர வேண்டும் என்று நினைப்பவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. நான் சொன்னபடி செய்தாலே போதும். பழியும் என் மேல் விழுந்திருக்கும். அவளோ நிறுத்தினாள்.

“நாலு நாள்ல நடுகை. இப்பம் என்னதான் செய்யச் சொல்லுதீரு?” என்றார் மாடசாமி.

ஒரு வழி இருந்தது. வெந்நீரில் வைத்து, வலியைப் பொறுக்கச் சொல்லி மடக்கினால், ஒரு நாள் நடுகைக்கு ஒப்பேற்றிவிடலாம். கொத்து தப்பும், கை போகும். ராணுவத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

“நடுகைக்கு முந்தி இந்தக் கை மடங்காது” என்றேன். “மடக்கவும் கூடாது. தப்பு முழுக்க என்னுது. பூலம்மா நிறுத்துனதுதான் சரி. அவ கைக்கு எப்பம் தோணுதோ அப்பம் மறுபடி ஆரம்பிக்கட்டும்.”

“பொறவாவது சரியாவுமா?” என்று ஆவுடைத்தாய் கேட்டாள்.

“ஆவும்னு நெனைக்கேன். சத்தியம் பண்ண மாட்டேன்.”

அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். வாசல் தாண்டும்போது இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. என் வாய் செய்த வேலை அது. கையை வீங்க வைத்ததைவிட அதுதான் என்னை வாட்டியது.

நடுகை அன்று டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கரிவலம்வந்தநல்லூருக்குப் பஸ் ஏறினேன். பூலம்மாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுதான் நினைப்பு. பஸ்ஸை விட்டு இறங்கி வயக்காட்டுக்கு நடந்தால், வரப்பில் முப்பது பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறார்கள். ஆவுடைத்தாய் கடைசியில், ஒதுங்கி, முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் வந்திருந்தாள்.

பண்ணைக் காரியக்காரர் முதல் நாற்று முடியை எடுத்து, நேரே பூலம்மாளிடம் நீட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள். 

அவள் வயலுக்குள் இறங்கவில்லை. முடியோடு வரப்பிலேயே கடைசி வரை நடந்துபோய், ஆவுடைத்தாயின் இடது கையில் அதை வைத்தாள்.

“ஏட்டி, இந்த வருசம் நீதான் கொத்துக்காரின்னுல்லா சொன்னாங்க?” என்றார் காரியக்காரர்.

“சொன்னாங்க. நான் சொல்லலயே” என்றாள் பூலம்மாள்.

“அவளால எப்படி ஊன முடியும்? கைதான் மடங்காதே.”

 பூலம்மாள் மதினியைச் சேற்றில் இறக்கினாள். தானும் பக்கத்தில் குனிந்து, ஒரு கையால் அவள் முன்கையைத் தாங்கினாள், இன்னொரு கையை அவள் உள்ளங்கைக்கு அடியில் கொடுத்தாள். மடங்காத மணிக்கட்டை மடக்கவே இல்லை. தோளிலிருந்து முழுக் கையையும் அப்படியே சரித்து, மெல்ல, சேறு வரைக்கும் இறக்கிக்கொண்டுபோனாள்.  வலி வந்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று பூலம்மாள் கைக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும், நான் வரப்பை விட்டு ஒரு அடி முன்னால் போய்விட்டேன். நாலு நாற்று ஆவுடைத்தாயின் கட்டைவிரலுக்குக் கீழே சேற்றில் நின்றது.

தை அறுவடைக்கு அவள் அந்தக் கையாலேயே அரிவாள் பிடித்தாள். அதற்குக் காரணம் நான் இல்லை. தினமும் விளக்கு வைப்பதற்கு முன்னால் பூலம்மாள் அடுத்த தெருவிலிருந்து வந்து அசைத்துவிட்ட கைதான். மன்னிப்பை அன்றே வரப்போரச் சேற்றில் நின்று கேட்டேன். “அதுக்கென்ன அண்ணாச்சி, சேத்துல நிக்காதிய, செருப்பு போயிரும்” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு முப்பது வருடம் எத்தனையோ மூட்டுகளைப் பிடித்திருக்கிறேன். ஒன்றையாவது நான் உருப்படியாகப் பிடித்திருந்தால், அது அந்த இரண்டு பேர் கொடுத்தது.

அன்று முதல் குலவையை எடுக்க ஆவுடைத்தாய் நிமிர்ந்தாள். அழுகை முட்டியதில் அவளுக்குக் குரல் வரவில்லை. பூலம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், தானும் குலவை எடுக்கவில்லை. முப்பது பெண்களும் நின்றுகொண்டே இருந்தார்கள். காரியக்காரர் வெயில் ஏறுகிறது என்று சொல்லிப் பார்த்தார். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. கொத்துக்காரிக்குக் குரல் வரும் வரை காத்திருந்தார்கள்.